வடதுருவம், தென்துருவம், நடுவில் வேதாரண்யம்

வெள்ளி, கல்லணை

பொங்கல் முடிந்து ஊரே வேலைக்குத் திரும்பிய பிறகு நாங்கள் கிளம்பினோம். நாங்கள் என்றால் நானும் மன்னார்குடி அண்ணனும். அண்ணன் டீசல் மெக்கானிக். அண்டார்க்டிகாவில் நம் நாட்டின் பாரதி நிலையத்தில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு வந்தவர். ஊரில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. "துபாயைவிடச் சம்பளம் அதிகமா?" என்று கேட்டதோடு சரி.

கல்லணையில் காவிரி பிரிவதிலிருந்து கடலில் கலப்பது வரைக்கும் பைக்கில் போய் எழுதுவது என்பது என் திட்டம். அண்ணனோடு போனால் பேச்சு பனிக்குத் திரும்பிவிடும் என்று தெரிந்துதான் கூட்டிக்கொண்டு போனேன்.

கல்லணையில் யானை மேல் உட்கார்ந்திருக்கும் கரிகாலனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஷட்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் இங்கேதான் பங்காகிறது. எதில் எத்தனை கன அடி போகிறது என்பதைப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் மனப்பாடமாகச் சொன்னார். டெல்டாக்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய கணக்கு. மேலே கர்நாடக எல்லையில், பிலிகுண்டுலுவில், தண்ணீரை அளப்பது மத்திய நீர்வள ஆணையம். 2018-இல் உச்ச நீதிமன்றம் நமக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னதும் அந்த இடத்தில் அளக்கும் கணக்குப்படிதான். எவ்வளவு தண்ணீர் என்பதைப் போலவே, யார் அளப்பது என்பதும் இங்கே சண்டைதான்.

"அங்க அந்தச் சண்டையே கிடையாது தம்பி. அளந்ததை எல்லாருக்கும் குடுத்துடணும்னு எழுதியே போட்டிருக்கு" என்றார் அண்ணன்.

அவர் சொன்னது அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு. ஆய்வில் கிடைத்த அளவீடுகளையும் முடிவுகளையும் நாடுகள் பரிமாறிக்கொள்ள வேண்டும், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்க வேண்டும். 1959 டிசம்பர் 1-ஆம் தேதி வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்துப் போட்டன. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரே தாளில். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. இது எப்படி நடந்தது என்றால், ஒப்பந்தத்துக்கு முன்பே விஞ்ஞானிகள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். 1957–58-இல் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு என்ற பெயரில் அதே 12 நாடுகள் தென்துருவத்தில் நிலையங்கள் போட்டு ஒன்றாக அளந்தன. அந்த வேலை அறுந்துபோகக் கூடாது என்று 1958-இல் 'ஸ்கார்' என்ற அறிவியல் குழு உருவானது. அரசியல்வாதிகள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

அதற்காக எல்லாரும் உத்தமர்கள் என்று நினைக்க வேண்டாம். ஏழு நாடுகள் அந்தக் கண்டத்தில் ஆளுக்கொரு துண்டைத் தங்களுடையது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒப்பந்தம் அந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்கவில்லை, கிடப்பில் போட்டது. அப்படிப் போட்டதால்தான் வேலை நடக்கிறது என்பது என் எண்ணம்.

இந்தியா கொஞ்சம் தாமதம். கடல் விஞ்ஞானி காசிம் தலைமையில் முதல் குழு 1982 ஜனவரியில் அங்கே இறங்கியது. 1983-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தோம், 1984-இல் ஸ்காரில்.

சனி, மயிலாடுதுறை

திருவையாறு, கும்பகோணம் வழியாக வந்தோம். கும்பகோணத்தில் காபி. அதைப் பற்றி ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதியாயிற்று.

வழியெல்லாம் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நகர்கின்றன. பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதிப் பாதியில் நாம் போக வேண்டும். ஒரு கொள்முதல் நிலையத்தின் வாசலில் வாக்குவாதம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். விவசாயி சொந்தமாக ஒரு ஈரப்பதக் கருவி வாங்கி வைத்திருந்தார். அது ஒன்று சொல்கிறது, இங்கே இருக்கும் கருவி வேறொன்று சொல்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கருவிகள்தான் ஒத்துப்போகவில்லை.

அண்ணன் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். எனக்கு வைப்ரெக்ட் நினைவுக்கு வந்தார். கார்ல் வைப்ரெக்ட், ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரி, 1870-களில் ஆர்க்டிக் பனியில் கப்பலோடு சிக்கித் தவித்துத் திரும்பியவர். திரும்பி வந்து அவர் சொன்னது அந்தக் காலத்துக்குக் கலகமான பேச்சு. துருவத்துக்கு யார் முதலில் போய்க் கொடி நட்டார்கள் என்பதில் அறிவியலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பல இடங்களில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரிக் கருவிகளை வைத்து, ஒரே முறையில் அளந்தால்தான் ஏதாவது தெரியவரும் என்றார். 1881-இல் இறந்துபோனார். அவர் கேட்டபடி முதல் சர்வதேச துருவ ஆண்டு 1882–83-இல் நடந்தது, 12 நாடுகள் சேர்ந்தன. பெரும்பாலான நிலையங்கள் வடக்கில். தெற்குப் பக்கம் தெற்கு ஜார்ஜியா தீவில் ஜெர்மானியர்கள், கேப் ஹார்ன் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள், அவ்வளவுதான்.

நெல் கடைசியில் எடுக்கப்பட்டதா என்று கேட்காதீர்கள். மணி நாலாகிவிட்டது, நாங்கள் கிளம்பிவிட்டோம்.

ஞாயிறு, தரங்கம்பாடி

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த ஊர் இது.

எல்லாரும் டேனிஷ் கோட்டையைப் படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். 1620-இல் தஞ்சை நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்கார் கட்டியது, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். தெரியாத பாதி, இதே டென்மார்க்கின் கையில்தான் கிரீன்லாந்தும் இருந்தது, இன்றும் டேனிஷ் முடியாட்சிக்குள்தான் இருக்கிறது. சீகன்பால்கு 1706-இல் இங்கே வந்து இறங்கினார். 1714-இல் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் கோபன்ஹேகனில் ஒரு மிஷன் அலுவலகம் திறந்தார். தரங்கம்பாடி விவகாரமும், 1721-இல் கிரீன்லாந்துக்குப் போன மதபோதகர் ஹான்ஸ் எகெடேயின் விவகாரமும் அந்த ஒரே அலுவலகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன. நம் ஊர் வெயிலைப் பற்றிய கடிதமும் கிரீன்லாந்துக் குளிரைப் பற்றிய கடிதமும் ஒரே மேஜையில் கிடந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இன்னொருவர் கதை இதைவிட ருசி. யோஹான் கெர்ஹார்ட் கோனிக். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர், மருத்துவர், செடிப் பைத்தியம். 1765 வாக்கில் ஐஸ்லாந்தில் செடி சேகரித்தார். 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, பிறகு இந்தியாவிலேயே தங்கி, 1785-இல் இங்கேயே இறந்தார். ஐஸ்லாந்தில் அவர் கண்டெடுத்த சின்னஞ்சிறு செடிக்கு லின்னேயஸ் வைத்த பெயர் கோனிகியா இஸ்லாண்டிகா. விரல்நுனி அளவு செடி. ஆர்க்டிக்கைச் சுற்றி முளைக்கிறது, இமயமலையில் முளைக்கிறது, அப்புறம் உலகத்தின் மறுகோடியில், தென்னமெரிக்காவின் அடிநுனியில் இருக்கும் தியேரா டெல் ஃபுவேகோவிலும் முளைக்கிறது. வடக்கும் தெற்கும் இரண்டுமே சொந்தம் கொண்டாடும் செடி. அதே கோனிக் பெயரைத் தாங்கிய இன்னொரு செடி உண்டு, முராயா கோனிகி. மத்தியானம் மெஸ்ஸில் ரசத்தில் மிதந்ததே, அந்தக் கறிவேப்பிலைதான். அண்ணன் நம்பவில்லை. போனில் காட்டிய பிறகு, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த இலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டு மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது பாறாங்கல் கொட்டிக் காப்பாற்றுகிறார்கள். கரை அரிப்புக்குக் காரணம் பல. நீரோட்டம், புயல், கட்டுமானம், ஆறு மணலைக் கொண்டுவந்து போடாதது. மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு வண்டல் அங்கேயே தங்கிவிடுகிறது, புது மண் வராத டெல்டா தானாக அமிழ்கிறது. ஆகவே கோயிலைத் தின்றது துருவப் பனிதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடல் மட்டமும் ஏறுகிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகச் சராசரி சுமார் 20 செ.மீ. ஏறியிருக்கிறது, இப்போது வேகமும் கூடியிருக்கிறது.

அதில் பனி எவ்வளவு? இதைத் தனித்தனியாகக் கேட்டால் முன்பு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கிரீன்லாந்து ஆட்கள் ஒரு முறையில் கணக்குப் போட்டார்கள், அண்டார்க்டிகா ஆட்கள் இன்னொரு முறையில். ஐரோப்பிய, அமெரிக்க விண்வெளி நிறுவனங்களின் ஆதரவோடு பல நாட்டுக் குழுக்கள் தங்கள் செயற்கைக்கோள் கணக்குகளை ஒரே மேஜையில் கொட்டி, ஒரே அளவுகோலால் பார்த்தார்கள். 2023-இல் வந்த கணக்கு இது: 1992 முதல் 2020 வரை இரண்டு பனிப்பரப்புகளும் சேர்ந்து 7,56,000 கோடி டன் பனியை இழந்திருக்கின்றன, கடல் அதனால் 21 மி.மீ. ஏறியது. கிரீன்லாந்தின் பங்கு கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு. 21 மி.மீ.தானா என்று தோன்றும். தோன்றட்டும். கிரீன்லாந்தில் இன்னும் மிச்சம் இருப்பது முழுக்க உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் ஏறும், அண்டார்க்டிகாவில் இருப்பது சுமார் 58 மீட்டர். அதற்குப் பல நூற்றாண்டுகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகும். ஆனால் திசை அது.

இதில் எனக்குப் புரிய நேரம் பிடித்த ஒரு விஷயம் உண்டு. பனி உருகிய தண்ணீர் கடலில் சமமாகப் பரவுவதில்லை. பெரிய பனிமலைக்கு ஈர்ப்பு விசை உண்டு, சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். பனி குறைந்தால் பிடி தளர்கிறது, தண்ணீர் விலகி ஓடுகிறது. அதனால் கிரீன்லாந்து உருகினால் கிரீன்லாந்தைச் சுற்றிக் கடல் இறங்கும், தூரத்துக் கரைகளில் ஏறும். அண்டார்க்டிகா உருகினாலும் அப்படியே. இரண்டுக்கும் தூரமாக, வெப்ப மண்டலத்தில் இருக்கும் நம் கரைக்கு இரண்டு பக்கத்துத் தண்ணீரும் வந்து சேரும், பொதுவாகச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே. ஒரு துருவத்தை மட்டும் பார்த்தால் தரங்கம்பாடிக் கணக்கு வராது என்பது அப்போதுதான் உறைத்தது.

"கடன் வாங்கினவன் ரெண்டு ஊர்ல, ஜாமீன் போட்டது நாமளா?" என்றார் அண்ணன்.

திங்கள், நாகப்பட்டினம்

மழை இல்லை, வாடைக்காற்று மட்டும். சுனாமி நினைவிடத்தில் கொஞ்ச நேரம். அப்புறம் துறைமுகத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் நீண்ட நேரம்.

தெற்கில் 1958-லேயே ஸ்கார் குழு வந்துவிட்டது, வடக்கில் ஏன் வரவில்லை என்று கேட்டார் அண்ணன். தெற்கு யாரும் குடியிருக்காத கண்டம், கடலுக்கு நடுவே. வடக்கு நேர் எதிர், எட்டு நாடுகள் சூழ்ந்த கடல், அங்கே பரம்பரையாக வாழும் மக்கள், போதாததற்குப் பனிக்கு அடியில் இரண்டு வல்லரசுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள். விஞ்ஞானி தெர்மாமீட்டர் கொண்டுபோனாலும் உளவாளி என்பார்கள். 1987 அக்டோபரில் சோவியத் தலைவர் கோர்பசேவ் முர்மான்ஸ்க் நகரில் ஆர்க்டிக்கை அமைதி வட்டாரமாக்கலாம், சேர்ந்து ஆராயலாம் என்று பேசிய பிறகுதான் கதவு திறந்தது. 1990-இல் கனடாவின் ரெசல்யூட் பே என்ற குக்கிராமத்தில் எட்டு நாடுகள் கூடி சர்வதேச ஆர்க்டிக் அறிவியல் குழுவைத் தொடங்கின. ஸ்காருக்கு 32 வயசு இளைய தம்பி.

இந்தியா 2008-இல் நார்வேயின் ஆர்க்டிக் தீவுகளான ஸ்வால்பார்டில் ஹிமாத்ரி நிலையத்தைத் திறந்தது, 2012-இல் அந்த ஆர்க்டிக் குழுவில் இடம் பிடித்தது. ஹிமாத்ரி இருக்கும் நியூ ஓலெசுண்டில் வைஃபை, புளூடூத் எதையும் போட விட மாட்டார்கள், அங்கிருக்கும் ரேடியோ தொலைநோக்கிக்கு இடைஞ்சல். எல்லா நாட்டு விஞ்ஞானிகளும் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிடுகிறார்கள். போன் இல்லாமல் சாப்பிட்டால் பேசித்தானே ஆக வேண்டும்.

அண்ணனின் அனுபவமும் இதே ரகம்தான். பாரதி இருக்கும் லார்ஸ்மன் குன்றுகளில் சீனாவின் ஜோங்ஷான் நிலையமும் ரஷ்யாவின் புரோகிரஸ் நிலையமும் பக்கத்து வீடுகள். அந்த இடத்தை ஆஸ்திரேலியா, சீனா, இந்தியா, ருமேனியா, ரஷ்யா ஐந்தும் சேர்ந்து ஒரே திட்டத்தின் கீழ் பராமரிக்கின்றன. அண்ணன் இருந்தபோது ஜெனரேட்டருக்கு ஒரு பெல்ட் தேவைப்பட்டு ரஷ்யர்களிடம் வாங்கி ஓட்டினாராம். ஜூன் 21, அங்கே குளிர்காலத்தின் நடுநாள், எல்லா நிலையங்களுக்கும் அதுதான் தீபாவளி. சீனர்கள் கொழுக்கட்டை மாதிரி ஒன்றை அவித்துக் கொண்டுவந்தார்கள், இவர்கள் சாம்பார் கொடுத்தார்கள். "நம்ம எல்லையில ரெண்டு பட்டாளமும் முறைச்சுக்கிட்டு நின்னப்போ, அங்க ரெண்டு சமையல்காரங்களும் உப்பு போதுமான்னு கேட்டுக்கிட்டாங்க தம்பி."

செவ்வாய், கோடியக்கரை

வேதாரண்யம் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். அதையும் தாண்டி, தமிழ்நாட்டுக் கரை சட்டென்று மேற்கே திரும்பும் மூலை. கூட்டம் பூநாரைக்காக வருகிறது, நான் வந்தது உள்ளானுக்காக.

சேற்றில் எலி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறச் சிறு பறவைகள். கொசு உள்ளான் 20, 30 கிராம்தான் இருக்கும். பக்கத்திலேயே கீழ்நோக்கி வளைந்த மூக்கோடு இன்னொரு வகை உள்ளான். இரண்டும் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில், நமக்குக் கோடையாக இருக்கும்போது. குளிர் வந்ததும் இங்கே. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையம் போடுகிறது.

வளைமூக்கு உள்ளானின் கதையில் லெம்மிங் என்ற எலியும் வருகிறது. ஆர்க்டிக்கில் லெம்மிங் பெருகும் வருஷம் நரிகள் அதைத் தின்று வயிறு நிரம்பிக் கிடக்கும், குஞ்சுகள் பிழைக்கும். லெம்மிங் குறைந்த வருஷம் நரி குஞ்சைத் தேடும். ஆக இந்தச் சேற்றில் இளம் பறவை எத்தனை என்பது அங்கே எலி எத்தனை என்பதைப் பொறுத்தது. அதை இங்கிருந்து யாரும் எண்ண முடியாது. அங்கே இருப்பவர் எண்ணிச் சொன்னால்தான் உண்டு.

சங்கடம் இங்கேதான். ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில், அந்த எட்டு நாட்டு அரசுகளும் கூடிப் பேசும் ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு நாடுகளும் ரஷ்யாவோடு உட்கார மறுத்தன. கூட்டு ஆய்வுகள் பல நின்றன. யார் செய்தது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, போர் தொடுத்தவன் செய்தது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால் உறைநிலத்தின் வெப்பம், ஆறுகள் கொண்டுவரும் நீர், பறவைக் கணக்கு எல்லாவற்றிலும் வரைபடத்தில் பாதி வெள்ளையாகிறது. நமக்கென்ன என்று இருக்க முடியவில்லை. ஆர்க்டிக்கில் காரா கடலின் பனி குறைவதற்கும் நம் நாட்டில் செப்டம்பரில் கொட்டும் கடும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோவாவில் இருக்கும் நம் துருவ ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள். காரா கடல் இருப்பது ரஷ்யாவின் தலைமாட்டில்.

உள்ளான்கள் அலகைச் சேற்றில் குத்திக்கொண்டே இருந்தன. அண்ணனுக்குப் பசி வந்துவிட்டது.

புதன், முத்துப்பேட்டை

ஜாம்புவானோடையில் படகு பிடித்து அலையாத்திக் காட்டுக்குள் போனோம். கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது இந்தக் காடும் அடி வாங்கியது. பட்ட மரங்கள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன, கீழே புதுக் கன்றுகள். கடல் தண்ணீர் வாய்க்கால் வழியாக உள்ளே ஏறுவது முன்னைவிட அதிகம் என்று படகோட்டி சொன்னார். நிலத்தடி நீர் உப்பானதால் ஒரு சொந்தக்காரர் நெல்லை விட்டு இறாலுக்குப் போய்விட்டாராம்.

அவரிடம் அண்ணன் துருவ ஆண்டைப் பற்றி விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. 2007–08-இல் நடந்ததற்குப் பெயர் ஆண்டு, நடந்ததோ 2007 மார்ச்சிலிருந்து 2009 மார்ச் வரை இரண்டு வருஷம். ஒரு துருவத்தில் கோடை என்றால் மறு துருவத்தில் குளிர்காலம், இரண்டு துருவத்திலும் இரண்டு பருவத்தையும் முழுசாகப் பார்க்க வேண்டுமே. 60-க்கு மேற்பட்ட நாடுகள் இறங்கின. அதன் நடுவே 2008-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்காரும் ஆர்க்டிக் குழுவும் சேர்ந்து ஒரே மாநாடு போட்டன, 2018-இல் டாவோசில் மறுபடி. பனிப்பரப்பின் எடைக் கணக்குக்கு இரண்டும் சேர்ந்து ஒரு குழுவும் வைத்தன. அடுத்த துருவ ஆண்டு 2032–33, வைப்ரெக்டின் முதல் ஆண்டு நடந்து சரியாக 150 வருஷம் கழித்து. ஏற்பாடுகளை இரண்டு அமைப்புகளும் சேர்ந்தே தொடங்கியிருக்கின்றன.

படகோட்டி கேட்டார், "அந்தக் கணக்குல எங்க தண்ணியும் வருமா?"

பாதி வரும். செயற்கைக்கோள் நம் கடலின் மேலேயும் பறக்கிறது. ஆனால் கரையில் கடல் ஏறுகிறதா, நிலம் அமிழ்கிறதா என்று பிரித்துச் சொல்ல, கடல் மட்டத்தை அளக்கும் அலைமானியும், நிலத்தின் அசைவை அளக்கும் ஜி.பி.எஸ். கருவியும் அதே இடத்தில் பல வருஷம் விடாமல் ஓட வேண்டும். 2032-க்கு இந்தியா இரண்டு துருவத்துக்கும் குழு அனுப்பும், அதில் சந்தேகமில்லை. அந்தச் செலவில் ஒரு துளியை எடுத்து கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் வரிசையாகக் கருவி வைத்து, எண்களை மீனவர் சங்கத்துக்கும் விவசாயிக்கும் திறந்து காட்டினால், அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு கல்லணைக்குக் கீழேயும் அமலுக்கு வந்த மாதிரி இருக்கும். இதை நான் படகில் சொன்னபோது யாரும் கை தட்டவில்லை. படகோட்டி டீசல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், அண்ணன் அதில் உற்சாகமாகக் கலந்துகொண்டார்.

அண்ணன் கோவாவுக்கு மறுபடி விண்ணப்பம் போடுகிறார். இந்தத் தடவை அண்டார்க்டிகாவில் இருக்கும் நம் இன்னொரு நிலையமான மைத்ரியைக் கேட்கப் போகிறாராம். தேர்வானால் தில்லியில் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் உத்தராகண்டின் ஆலியில் பனிப் பயிற்சி. அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியவரும் என்றால், அண்ணி, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.